செட்டில்மென்ட் பணத்தின் ஆயுள்

ஆட்குறைப்பின்போது ஊழியரின் கைக்கு வரும் தொகை பார்வைக்கு ஒன்றாகத் தெரிந்தாலும், நான்கைந்து தனித்தனிப் பணங்கள் சேர்ந்தது. சட்டப்படியான இழப்பீடு, கிராஜுவிட்டி, எடுக்காமல் சேர்த்து வைத்த விடுப்புக்கான சம்பளம், நோட்டீஸ் காலச் சம்பளம், நிறுவனம் மனமிரங்கியோ யூனியனுக்குப் பயந்தோ கூடுதலாகத் தரும் கருணைத் தொகை எல்லாம் அதில் அடக்கம். வருங்கால வைப்பு நிதி இதில் சேராது. அது வேறு அலுவலகத்தில், மறந்துபோன ஒரு பாஸ்வேர்டுக்குப் பின்னால் இருக்கிறது. மற்றவை பெரும்பாலும் ஒரே நாளில் வங்கிக் கணக்கில் விழுந்து, ஒரே குறுஞ்செய்தியாக வருகின்றன. பணம் பெற்றவர் அத்தனை இலக்கங்களை ஒரு செய்தியில் அதுவரை பார்த்ததில்லை. பின்னால் அவர் எடுக்கும் முடிவுகளில் பாதி, அந்தச் செய்தியைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்க்கும் முதல் வாரத்திலேயே உருவாகிவிடுகின்றன.

தொகையின் அடித்தளம் 15 என்ற எண். 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம், ஓராண்டாவது பணியாற்றிய தொழிலாளியை ஆட்குறைப்புச் செய்தால் ஒரு மாத நோட்டீஸும், முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியமும் தரச் சொன்னது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பும் அந்த 15இல் கை வைக்கவில்லை. கூடுதலாக மறுதிறன் பயிற்சிக்கென ஒரு நிதியை ஏற்படுத்தி, அதிலிருந்து இன்னொரு 15 நாள் ஊதியம் 45 நாளுக்குள் தொழிலாளியின் கணக்குக்குப் போக வேண்டும் என்கிறது. புதிய தொழில் ஒன்றைக் கற்றுக்கொள்ள 15 நாள் சம்பளம் போதும் என்ற நம்பிக்கை சட்டம் இயற்றியவர்களுக்கு இருந்திருக்கிறது. கிராஜுவிட்டியிலும் அதே 15தான். ஆனால் மாதத்துக்கு 26 நாள் என்று வைத்து வகுப்பார்கள். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 26,000 ரூபாய் வாங்கியவருக்கு ஆண்டுக்கு 15,000. 10 ஆண்டுக்கு ஒன்றரை லட்சம். ஆறு மாதத்துக்கு மேல் நீளும் துண்டுக் காலம் முழு ஆண்டாகிவிடும். நிறுவனத்துக்கும் ஊழியருக்கும் இடையிலான பாக்கிகளில் ஊழியர் பக்கம் தாராளமாக முழுமைப்படுத்தப்படுவது அநேகமாக இது ஒன்றே.

சட்டம் சொல்வது குறைந்தபட்சம் மட்டுமே. அதற்கு மேல் எவ்வளவு என்பதைப் பேச்சுவார்த்தை தீர்மானிக்கிறது. ஆலைக்கு வெளியே நிற்கும் போராட்டப் பந்தலின் அளவும் அதில் கொஞ்சம் பேசும். 2019இல் பி.எஸ்.என்.எல். விருப்ப ஓய்வுத் திட்டம் அறிவித்தபோது, முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 35 நாள் சம்பளம், மீதமிருக்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 25 நாள் சம்பளம் என்று கணக்குப் போட்டார்கள். 50 வயதைத் தாண்டியவர்களில் 78,000க்கும் மேற்பட்டவர்கள் ஒத்துக்கொண்டு, 2020 ஜனவரி 31 அன்று ஒரே நாளில் வீட்டுக்குப் போனார்கள். ஸ்ரீபெரும்புதூரில் 2014 நவம்பரில் மூடிய நோக்கியா ஆலையிலும், மறைமலை நகரில் 2022இல் கடைசிக் காரை வெளியே அனுப்பிய ஃபோர்டு ஆலையிலும் வெவ்வேறு பேரங்கள் நடந்தன. ஃபோர்டில் படிந்த தொகை சட்டத்தின் 15 நாளைவிடப் பல மடங்கு. அதற்கு முன்னால் நாள்கணக்கில் உள்ளிருப்பும் வெளியிருப்பும் இருந்தன.

கணினி நிறுவனங்களில் இந்தச் சடங்கு வேறு மாதிரி. அங்கே யாரையும் ஆட்குறைப்புச் செய்வதில்லை. காலண்டரில் எதற்கென்றே தெரியாத 15 நிமிடக் கூட்டம் ஒன்று முளைக்கும். எச்.ஆர். புன்னகையோடு வருவார்; கூட்டம் முடிவதற்குள் ஊழியர் தாமாகவே ராஜினாமா செய்திருப்பார். மேனேஜர் என்று விசிட்டிங் கார்டு அச்சடித்துக் கொடுத்த நாளிலேயே அவர் சட்டம் சொல்லும் தொழிலாளி என்ற வரையறையிலிருந்து வழுக்கி வெளியே வந்திருக்கவும் கூடும். அவருக்குக் கிடைப்பது நிறுவனத்தின் கொள்கைப்படி இரண்டு மூன்று மாதச் சம்பளமும், அவரது எதிர்கால முயற்சிகளுக்கான வாழ்த்தும். வாழ்த்துக்கு வரி இல்லை.

மற்றவற்றுக்கு உண்டு. ஆட்குறைப்பு இழப்பீட்டிலும் விருப்ப ஓய்வுத் தொகையிலும் 5 லட்சம் ரூபாய் வரை வருமான வரி கிடையாது. இந்த 5 லட்சம் 1990களில் நிர்ணயித்தது. இன்றும் அதே 5 லட்சம். 1997இல் அந்தப் பணத்துக்கு நூறு சவரனுக்கு மேல் தங்கம் வாங்கியிருக்கலாம். இன்று வாங்கக்கூடிய சவரன்களைக் கைவிரல்களில் எண்ணி முடித்தாலும் விரல்கள் மீதமிருக்கும். விடுப்புச் சம்பளத்துக்கு இருந்த 3 லட்ச வரம்பை 2023இல் 25 லட்சமாக உயர்த்தினார்கள். கிராஜுவிட்டிக்கு 2018 முதல் 20 லட்சம். வேலையிலிருந்து மரியாதையாக ஓய்வு பெறுபவரை நினைவில் வைத்திருக்கும் வரிச் சட்டம், வேலை போனவரைக் கால் நூற்றாண்டாக மறந்திருக்கிறது. இன்னொரு நிபந்தனையும் உண்டு: விருப்ப ஓய்வுக்கான இந்தச் சலுகை ஒருவருக்கு வாழ்நாளில் ஒரு தடவைதான்.

பணம் வந்த செய்தி பரவும் விதம் தனியாகக் கவனிக்கத் தக்கது. ஒரகடத்திலிருந்து 10 லட்சமாகப் புறப்படும் தொகை, திண்டிவனத்தைத் தாண்டும்போது 15 லட்சமாகி, விழுப்புரத்தில் 20ஐத் தொடும். வேலை போனது என்ற செய்தி மட்டும் செங்கல்பட்டைக்கூடத் தாண்டியிருக்காது. இரண்டு செய்திகளும் சேர்ந்து பயணிப்பதில்லை என்பதால், துக்கம் விசாரிக்க வருபவர்களும் வாழ்த்துச் சொல்ல வருபவர்களும் ஒரே காபியைக் குடித்துவிட்டுப் போகிறார்கள். கைமாற்றுக் கேட்பவர்கள் பொதுவாக மூன்றாம் நாள் வருகிறார்கள். அவர்களில் நல்லவர்கள் தொகையைச் சொல்லிக் கேட்பார்கள். “உங்களால முடிஞ்சதைக் குடுங்க மாமா” என்பவர்களிடம்தான் அதிகம் போகும்.

அதே வாரத்தில் வங்கியும் விழித்துக்கொள்ளும். போன மாதம் வரை பாஸ்புக் பிரிண்ட் எடுக்க வரிசையில் நிறுத்திய கிளை, இப்போது நாற்காலி போட்டு உட்கார வைக்கும். இந்த உபசாரத்தின் முடிவில் இருப்பது பெரும்பாலும் ஒரு காப்பீட்டுப் பாலிசி. ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் பத்தாண்டு கட்ட வேண்டியது. மாதச் சம்பளம் நின்றுபோன மனிதரிடம் பத்தாண்டுத் தவணையை விற்பதற்குத் தனித் திறமை வேண்டும். அது கிளைகளில் தாராளமாகக் கிடைக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டவருக்கும் ஒரு வழி இருக்கிறது: பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால், சிறு கழிவுகள் போகப் பணம் திரும்பும். வங்கியில் செய்ய வேண்டிய உண்மையான வேலை அலுப்பூட்டுவது. வைப்புக் காப்பீடு ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரைதான் என்பதால், தொகையை இரண்டு வங்கிகளில் பிரித்து, வெவ்வேறு மாதங்களில் முதிரும் சிறு வைப்புகளாகப் போட்டு வைப்பது. இதற்கு யாரும் காபி தர மாட்டார்கள்.

பணத்தை எதில் போடலாம் என்ற யோசனைகளில் முதலிடம் மனைக்கு. மனை விளம்பரங்களில் தூரத்தை நிமிடத்தில் அளக்கிறார்கள். எந்த வாகனத்தில், எந்த ஆண்டில் போடப்போகும் சாலையில் என்பது சொல்லப்படுவதில்லை. “ஒரகடம் அருகில்” என்பது உத்திரமேரூரைத் தாண்டியும் செல்லுபடியாகும். இலவச வேனில் அழைத்துப் போய், மதியம் பிரியாணி போட்டு, முன்பணத்துடன் திருப்பி அனுப்புகிறார்கள். 500 சதுர மீட்டரைத் தாண்டிய மனைப்பிரிவு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டால் பிரியாணியின் தரம் குறையலாம், ஆனால் கேட்க வேண்டும். பத்திரப் பதிவுக்கு முத்திரைத் தீர்வை, மாற்றுத் தீர்வை, பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்த்துத் தமிழ்நாட்டில் 9 சதவீதம். 10 லட்சம் வரையிலான சொத்தைப் பெண்ணின் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறையும் என்ற சலுகை 2025 ஏப்ரலில் வந்தது. வேலை போன கணவர்கள் மனைவியின் பெயரை முன்மொழிய அது ஒரு கௌரவமான காரணமாகவும் பயன்படுகிறது. மனையின் உண்மையான குறை விலையில் இல்லை. ஆறு மாதத்துக்குப் பின் பள்ளிக் கட்டணத்துக்குப் பணம் தேவைப்படும்போது, மனையில் ஒரு மூலையை மட்டும் விற்க முடியாது.

தங்கத்தை விற்க முடியும். குடும்பக் கூட்டங்களில் தங்கம் வாங்கச் சொல்பவர் பெரும்பாலும் மனைவியோ மாமியாரோ என்பதால், ஆண்கள் அதைப் பொருளாதார யோசனையாக மதிப்பதில்லை. இது நியாயமில்லை. செய்கூலி, சேதாரம், 3 சதவீத ஜி.எஸ்.டி. எல்லாம் போனாலும், நகையை அடகுக்கு எடுத்துப் போனால் அரைமணி நேரத்தில் மதிப்பில் ஏறக்குறைய முக்கால் பங்கு கையில் கிடைக்கும். கடன் தருபவர் சம்பளச் சீட்டுக் கேட்பதில்லை. வேலையில்லாதவரை வேலையிருப்பவருக்குச் சமமாக நடத்தும் நிதிப் பொருள் வேறு எதுவும் இல்லை. ஆனாலும் எல்லாப் பணத்தையும் நகையாக்கினால், மாத மளிகைக்கு அடகுக் கடைக்குப் போக வேண்டி வரும். மளிகைக்கு வட்டி கட்டுவது எந்தக் கணக்கிலும் லாபம் ஆகாது.

மைத்துனர்கள் பொதுவாகத் தொழில் யோசனையோடு வருகிறார்கள். “மாமா, இன்னொருத்தன்கிட்ட எவ்வளவு நாள் கைகட்டி நிக்கிறது?” என்பது தொடக்க வாக்கியம். டீக்கடை, இட்லி மாவு, கால்பந்து டர்ஃப், கால்டாக்சி என்று காலத்துக்கேற்பத் தொழில் மாறும். முதல் போடுபவர் ஒருவர், மேற்பார்வை பார்ப்பவர் இன்னொருவர் என்ற அமைப்பு மாறுவதில்லை. உணவுத் தொழிலில், ஆண்டு விற்பனை சிறிதாக இருந்தால், உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கு ஆண்டுக்கு 100 ரூபாய்தான் கட்டணம். அந்தத் தொழிலில் மலிவானது அத்தோடு முடிந்தது. கடைக்கு அட்வான்ஸ், ஃப்ரிட்ஜ், மாஸ்டர் சம்பளம், மாஸ்டர் சொல்லாமல் லீவு போடும் நாளின் நட்டம் என்று வரிசையாக வரும். காலை 4 மணிக்குப் பால் வாங்க எழுந்திருக்க வேண்டும் என்பதை, இருபது ஆண்டு ஷிஃப்ட் பார்த்த தொழிலாளி சமாளித்துவிடுவார். மேற்பார்வையாளர்தான் பத்து மணிக்கு வருவார். தொழில் தொடங்கவே கூடாது என்பதில்லை. மூன்று மாதம் இன்னொருவர் கடையில் சம்பளத்துக்கு நின்று பார்த்துவிட்டுத் தொடங்குபவர்கள் தேறுகிறார்கள். மைத்துனர்கள் இந்த ஏற்பாட்டை அவமானம் என்கிறார்கள்.

கூடுதல் வட்டித் திட்டங்களைப் பற்றித் தமிழ்நாட்டில் தனி வரலாறே எழுதலாம். 1990களில் தேக்கு மரம் வளர்ப்பதாகச் சொல்லிப் பணம் திரட்டினார்கள். பைனான்ஸ் கம்பெனிகள் தெருவுக்கொன்று திறந்து ஒவ்வொன்றாக மூடின. அதன் விளைவாக 1997இல் முதலீட்டாளர் நலன் காக்கத் தனிச் சட்டமே வந்தது. சட்டம் வந்த பிறகும் ஈமு வந்தது. ஆஸ்திரேலியாவின் அந்தப் பெரிய பறவையை வளர்த்தால் மாதாமாதம் பணம் என்று பெருந்துறை வட்டாரத்தில் விளம்பரம் செய்தார்கள். ஓய்வுத் தொகையும் நகைப் பணமும் அங்கே போய்ச் சேர்ந்தன. 2012இல் எல்லாம் சரிந்தபோது, அநாதையாக நின்ற பறவைகளுக்குத் தீனி போட அரசே பணம் ஒதுக்க வேண்டி வந்தது. ஈமு பறக்காது என்பதுதான் அந்த விளம்பரத்தில் சரிபார்க்க முடிந்த ஒரே தகவல். பிறகு வந்தவற்றில் பறவை இருக்காது. செயலி இருக்கும், வாட்ஸாப் குழு இருக்கும், மாதம் 10 சதவீதம் இருக்கும். நிலையான வைப்புக்கு ஆண்டுக்கு 6, 7 சதவீதம் தர வங்கிகள் யோசிக்கும் நாட்டில் மாதம் 10 சதவீதம் தருபவர், அதை அடுத்து வருபவரின் செட்டில்மென்ட் பணத்திலிருந்துதான் தர முடியும்.

இத்தனை யோசனைகளும் பணத்தை லட்சத்தில் எண்ணுகின்றன. அளவுகோல் அங்கேதான் தவறுகிறது. சட்டம் இந்தத் தொகையை நாள்கணக்கில்தான் கொடுத்தது. செலவும் மாதக்கணக்கில்தான் வருகிறது. 10 லட்சம் கிடைத்து, குடும்பச் செலவு தவணைகளோடு மாதம் 40,000 என்றால், அவரிடம் இருப்பது 25 மாதம். வட்டியையும் விலைவாசியையும் ஒன்றுக்கொன்று கழித்துவிட்டால் கணக்கு இவ்வளவுதான். இனி எந்த யோசனையையும் இந்த மாதங்களில் எடை போடலாம். தனிநபர் கடனில் இரண்டரை லட்சம் பாக்கி, அதற்கு மாதத் தவணை 8,000 என்று வைத்துக்கொண்டால், அதை அடைத்த பின் மிஞ்சுவது ஏழரை லட்சம். செலவு 32,000 ஆகும். இன்னும் 23 மாதத்துக்கு மேல் தாங்கும். பணத்தில் கால் பங்கு போயிருக்கிறது. காலத்தில் இரண்டு மாதம்கூடப் போகவில்லை. இதே மனிதர் 2 லட்சம் முன்பணம் கட்டி, மாதம் 12,000 தவணையில் கார் எடுத்தால், மிஞ்சும் 8 லட்சம் 52,000 செலவில் 15 மாதத்தில் தீரும். அந்தக் காரின் விலை பத்து மாதம். ஷோரூமில் மாலை போட்டு, தேங்காய் உடைத்து, புகைப்படம் எடுத்துத் தருகிறார்கள். இந்த விலையை மட்டும் சொல்வதில்லை.

எந்தக் கடனை முதலில் அடைப்பது என்பதிலும் இதே அளவுகோல் உதவும். கிரெடிட் கார்டு பாக்கி மாதம் மூன்றரை சதவீதம் வரை தின்னும். ஆண்டுக்கு அது 40ஐத் தாண்டும். அதை விட்டுவிட்டு வைப்பில் 7 சதவீதம் வாங்குபவர் வங்கிக்கு இரண்டு கையாலும் தானம் செய்கிறார். அடுத்தது தனிநபர் கடன், கந்துவட்டி இருந்தால் அது எல்லாவற்றுக்கும் முன். வீட்டுக் கடன் விஷயம் வேறு. மாறும் வட்டியில் இருக்கும் வீட்டுக் கடனை முன்கூட்டி அடைத்தால் தனிநபருக்கு அபராதம் கிடையாது என்பதால், கையில் பணம் வந்ததும் கடனை முடித்துப் பத்திரத்தை வாங்கி பீரோவில் வைக்கும் ஆசை பலருக்கும் வருகிறது. சொந்த வீடு, கடனில்லை, நிம்மதி. ஆனால் சுவரில் பூசிய பணத்தைச் சுரண்டி எடுக்க முடியாது. வேலையில்லாதவர் அதே வீட்டைக் காட்டிக் கடன் கேட்டால், வங்கி சம்பளச் சீட்டைத் தேடும். புதிய வேலை உறுதியாகி மூன்று சம்பளம் வந்த பின் அடைத்தால் அதே நிம்மதி அதே விலைக்குக் கிடைக்கும்.

மருத்துவக் காப்பீட்டை எல்லோரும் மறக்கிறார்கள். நிறுவனத்தின் குழுக் காப்பீடு கடைசி வேலை நாளோடு முடிகிறது. மாமனாரின் கண் அறுவைச் சிகிச்சைக்கு அடுத்த வாரம்தான் தேதி கிடைத்திருக்கும். அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறும் வாய்ப்பு உண்டு. வெளியேறுவதற்கு முன்பே எழுதிக் கேட்க வேண்டும். இ.எஸ்.ஐ.யில் இருந்தவர் நிலை சற்று நல்லது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டிய சந்தாவின் பலன் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை என்று ஒரு கால இடைவெளி வைத்திருக்கிறார்கள். வேலையில் சேர்ந்தபோது எரிச்சலூட்டிய அந்த இடைவெளி, வேலை போன பின் கைகொடுக்கிறது.

வருங்கால வைப்பு நிதியை எடுக்காமலிருப்பதும் ஒரு முடிவுதான், யாரும் அதை முடிவாகக் கருதுவதில்லை என்றாலும். வேலை போனால் கணிசமான பகுதியை எடுக்க விதி இடம் தருகிறது. ஐந்தாண்டு தொடர் சேவை முடியுமுன் எடுத்தால் அதற்கு வரி வரலாம். 2024-25க்கு அறிவித்த 8.25 சதவீத வட்டியை வேறெங்கும் இதே பாதுகாப்போடு தேடுவதும் கடினம். புதிய நிறுவனத்தில் சேரும்போது பழைய யு.ஏ.என். எண்ணையே கொடுத்துக் கணக்கை மாற்றிக்கொள்வது நல்லது. பெயரில் ஓர் எழுத்து ஆதாரோடு பொருந்தாமல் இந்த மாற்றம் பல மாதம் நிற்கும். அந்த வகையில் வைப்பு நிதி அலுவலகமே பலரது சேமிப்பைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறது.

மாதங்கள் கையில் இருப்பதன் பயன் புதிய வேலை தேடும்போது தெரியும். மூன்று மாதம் நோட்டீஸ் கொடுக்க வேண்டிய மற்ற விண்ணப்பதாரர்களுக்கு நடுவே, வேலை போனவர் நாளைக்கே சேரக்கூடியவர். “இமீடியட் ஜாயினர்” என்று அவரைத் தனியாகத் தேடுகிறார்கள். அந்தத் தகுதியை அவருக்கு வழங்கியது பழைய நிறுவனம்தான். நேர்காணலில் பழைய சம்பளத்தைக் கேட்டு, அதில் 20 சதவீதம் குறைத்துச் சொல்லிப் பார்ப்பார்கள். இரண்டு மாதம் கையில் இருப்பவர் சரி என்பார். இருபது மாதம் கையில் இருப்பவர், வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்பார். வீட்டில் கேட்கும் பழக்கம் அவருக்கு இல்லாமல்கூட இருக்கலாம். இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல முடிவது, செட்டில்மென்ட் பணம் ஈட்டித் தரும் வட்டிகளிலேயே பெரியது. எந்த வங்கியின் விளம்பரப் பலகையிலும் அது இல்லை.

புதிய வேலையில் சேர்ந்த பின் ஒரு காகிதம் பாக்கி இருக்கிறது. அதே நிதியாண்டில் பழைய நிறுவனம் தந்த சம்பளத்தையும், விலக்குப் போக வரிக்கு உட்பட்ட இழப்பீட்டையும் புதிய நிறுவனத்திடம் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் இரண்டு நிறுவனங்களும் தனித்தனியே நிலையான கழிவையும் குறைந்த வரி விகிதங்களையும் கொடுத்து அன்பு காட்டிவிடும். அடுத்த ஜூலையில் கணக்குத் தாக்கல் செய்யும்போது அந்த அன்பு வட்டியோடு திரும்பக் கேட்கப்படும். இந்தக் காகிதத்தை எச்.ஆர். பெரும்பாலும் தானாகக் கேட்பதில்லை. சேர்ந்த முதல் வாரத்தில், அடையாள அட்டைக்குப் புகைப்படம் எடுக்கும் நாளிலேயே, கேட்டு வாங்கி நிரப்பிக் கொடுத்துவிட வேண்டும்.